பின்னால் வருபவருக்கு மட்டுமே தெரியும் பழுது

பழைய கார்களின் பிரேக் விளக்கு திரும்பத் திரும்ப அணைகிறது. கோளாறான கார்களைத் திரும்பப் பெற 2021 முதல் விதி இருக்கிறது. ஆனால் அது இரண்டாவது கைக்கு மாறிய காரைத் தேடி வருவதில்லை.

மாலை ஆறரை மணி. அல்சூர் ஏரியை ஒட்டிச் செல்லும் கென்சிங்டன் சாலையில் வண்டிகள் நகர்வதும் நிற்பதுமாக இருக்கின்றன. ஒருவர் பிரேக்கை மிதித்தால் அவர் காரின் பின்புறம் சிவப்பு பளிச்சிடுகிறது. அதைப் பார்த்து அடுத்தவர் மிதிக்கிறார், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். இப்படி சிவப்பு ஒரு அலை மாதிரி வரிசையின் கடைசி வரை ஓடுகிறது. நடுவில் ஒரு காரில் மட்டும் அலை அறுந்துபோகிறது. கார் நிற்கிறது, விளக்கு எரியவில்லை. பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் கடைசி நொடியில் ஹேண்டிலை ஒடித்துத் தப்பிக்கிறார். காரை ஓட்டுபவருக்கு இது எதுவுமே தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு வழியும் இல்லை.

காரில் வரும் பழுதுகளில் இது ஒரு தனி ரகம். என்ஜின் சூடானால் முள் ஏறுகிறது. டயரில் காற்று இறங்கினால் ஸ்டியரிங் இழுக்கிறது. முகப்பு விளக்கு அணைந்தால் எதிரே இருட்டு. பிரேக் விளக்கு மட்டும் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் அணைகிறது. பெரும்பாலான பழைய கார்களில் அதற்கென்று டாஷ்போர்டில் எச்சரிக்கை எதுவும் கிடையாது.

அல்சூர் பெங்களூரின் பழைய பகுதிகளில் ஒன்று. சோமேஸ்வரர் கோயில், மதராஸ் சாப்பர்ஸ் என்று அழைக்கப்படும் ராணுவப் பொறியாளர் படையின் மையம், தமிழ்ச் சங்கம், 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை என்று தமிழர்களுக்கு நன்கு அறிமுகமான பேட்டை. கன்டோன்மென்ட் காலத்துத் தெருக்கள் குறுகலானவை. அவற்றில் நிற்கும் கார்களில் கணிசமானவை கைமாறி வந்தவை. வேலைக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்கள், முதல் கார் வாங்கும் குடும்பங்கள், ஓய்வுபெற்ற ராணுவத்தினர் என்று எல்லோருக்கும் கட்டுப்படியாகும் வழி பழைய கார்தான். நாடு முழுவதுமே நிலைமை இப்படித்தான். 2023-24-ல் இந்தியாவில் சுமார் 42 லட்சம் புதிய பயணிகள் வாகனங்கள் விற்பனையாயின. கைமாறும் பழைய கார்களின் எண்ணிக்கை இதைவிட அதிகம் என்பது தொழில்துறையின் கணிப்பு.

பெங்களூரில் பதிவான வாகனங்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. இவற்றில் பெரும்பகுதி இரு சக்கர வாகனங்கள். காருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். விளக்கு எரியாததன் விலையைக் கொடுக்கப்போவதும் இவர்கள்தான்.

கணக்கு எளிது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. சிவப்பு விளக்கு எரியாததால் பின்னால் வருபவர் அரை நொடி தாமதமாக உணர்ந்தால் அதற்குள் எட்டு மீட்டர் போய்விடுகிறது. அதாவது இரண்டு கார் நீளம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு நடந்த விபத்துகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்டவை பின்னாலிருந்து மோதியவை. இவற்றில் எத்தனை விபத்துகளில் முன்னே போன வண்டியின் பிரேக் விளக்கு எரிந்தது என்பதை அந்த அறிக்கை சொல்வதில்லை.

மிதிக்கு மேலே ஒரு சுவிட்ச்

பிரேக் விளக்கின் அமைப்பில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. பிரேக் மிதிக்கு மேலே கட்டைவிரல் அளவில் ஒரு சுவிட்ச். மிதி மேலே இருக்கும்போது அதன் முனை அழுந்தியிருக்கும். மிதித்ததும் முனை வெளியே வரும், உள்ளே இரண்டு உலோக முனைகள் ஒட்டும், மின்சாரம் பாயும். அங்கிருந்து பியூஸ், வயர், ஹோல்டர், பல்பு என்று வரிசை. கடைசியில் பாடியில் எர்த். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டாலும் விளக்கு எரியாது.

பல பழைய கார்களில் இருப்பது இரட்டை இழை பல்பு. ஐந்து வாட் இழை இரவில் மங்கலாக எரியும் டெயில் விளக்குக்கு. 21 வாட் இழை பிரேக்குக்கு. ஏமாற்றம் தொடங்குவது இங்கேதான். முகப்பு விளக்கைப் போட்டுவிட்டு இறங்கிப் பார்ப்பவர், பின்னால் சிவப்பு எரிவதைக் கண்டு திருப்தியோடு கிளம்பிவிடுகிறார். அவர் பார்த்தது ஐந்து வாட்டை. 21 வாட் இழை எப்போதோ அறுந்திருக்கலாம்.

பழுது மறுபடி மறுபடி வருவதற்கும் காரணங்கள் உண்டு. ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் பெரும்பாலும் பல்பு அல்லது ஹோல்டர். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போனால் சுவிட்ச் அல்லது பியூஸ் மீதுதான் முதல் சந்தேகம். ஒரே பக்கத்துப் பல்பு மாதத்துக்கு ஒருமுறை போகிறது என்றால் குற்றவாளி பல்பு அல்ல. மழைநீர் இறங்கிப் பச்சை பூத்த ஹோல்டர், தளர்ந்த எர்த், பொருந்தாத வாட் பல்பு, பின்னால் எல்.இ.டி. பொருத்துவதற்காக யாரோ நடுவில் வெட்டி ஒட்டிய வயர் என்று காரணம் வேறெங்கோ இருக்கிறது. மிதியின் மேல் பகுதியில் சுவிட்சைத் தாங்கும் சிறு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் துண்டு காலப்போக்கில் நொறுங்கி உதிர்வதும் உண்டு. அப்போது நடப்பது எதிர்மாறு. காலை எடுத்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பின்னால் வருபவர் அதை நம்புவதை விட்டுவிடுவார். காலையில் பார்த்தால் பேட்டரியும் இறங்கியிருக்கும்.

இதில் வீட்டுக்காரர் செய்யும் வேலை பல்பை மாற்றுவது. விற்பவர் செய்யும் வேலையும் அதேதான். ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளில் பல்பு மலிவாகக் கிடைக்கிறது. சிவாஜி நகரில் உடைத்த வண்டிகளின் டெயில் விளக்கு முழுசாகவே கிடைக்கிறது. புதுப் பல்பு போட்டால் சோதனை ஓட்டத்தின்போது விளக்கு பளிச்சென்று எரியும். கார் கைமாறும். மூல நோய் புது உரிமையாளரோடு போகும்.

நவீன கார்களில் விவகாரம் விளக்கோடு நிற்பதில்லை. அதே சுவிட்ச் தரும் சைகையை நம்பித்தான் பல ஆட்டோமேட்டிக் கார்களில் கியர் லீவர் 'பார்க்' நிலையிலிருந்து நகர்கிறது, பொத்தானை அழுத்தினால் என்ஜின் உயிர் பெறுகிறது, குரூஸ் கட்டுப்பாடு விடுபடுகிறது. கியர் நகர மறுக்கிறது என்று பட்டறைக்கு வரும் காரில் பிரேக் விளக்கும் எரியாமலிருக்க வாய்ப்புண்டு.

மசகு பூச ஆறு ஆண்டு

சின்னச் சுவிட்ச்தானே என்று உலகின் பெரிய கம்பெனிகளும் நினைத்ததுண்டு. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் கதை பாடப் புத்தகத்தில் வைக்கத் தக்கது. அதன் செவ்ரலே மாலிபு, பான்டியாக் ஜி6, சாட்டர்ன் ஆரா கார்களில் பிரேக்கை மிதித்தால் விளக்கு எரியாமல் போவதும், மிதிக்காமலே எரிவதும் நடந்தது. ஓட்டத்தின் அதிர்வில் மின்கட்டுப்பாட்டுப் பெட்டியின் இணைப்பு முனைகள் தேய்ந்து அரித்துப்போனதே காரணம். புகார்கள் 2008-லேயே அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பிடம் வந்துவிட்டன. 2009 ஜனவரியில் கம்பெனி திரும்பப் பெற்றது சுமார் 8,000 கார்களை மட்டும். மற்ற கார்களின் உரிமையாளர்கள் புகார் செய்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் 2014 மே மாதம் சுமார் 24 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அதற்குள் இந்தக் கோளாறோடு தொடர்புடைய 13 விபத்துகளில் இரண்டு பேர் காயமடைந்திருந்தனர். அத்தனை கார்களுக்கும் செய்யப்பட்ட சிகிச்சை என்ன? இணைப்பு அசையாமல் இருக்க ஒரு சிறு துண்டு, முனைகளில் கொஞ்சம் மசகு. அதைப் பூச ஆறு ஆண்டுகள் பிடித்தன.

2013 ஏப்ரலில் ஹூண்டாயும் கியாவும் சேர்ந்து அமெரிக்காவில் சுமார் 17 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தன. அங்கே குற்றவாளி பிரேக் மிதியின் சுவிட்சேதான். 2019 பிப்ரவரியில் ஜப்பானின் சுபாரு உலகெங்கும் 23 லட்சத்தை நெருங்கும் கார்களைத் திரும்பப் பெற்றது. காரணம் யாரும் எதிர்பாராதது. காருக்குள் பயன்படுத்தப்படும் துப்புரவுப் பொருள்கள், அழகுசாதனங்கள் போன்றவற்றிலிருந்து கிளம்பும் சிலிக்கோன் ஆவி சுவிட்சுக்குள் புகுந்து முனைகளில் படிந்து மின்சாரத்தைத் தடுத்துவிட்டது. காரைப் பளபளப்பாக வைத்துக்கொண்டவரின் பிரேக் விளக்கு எரியாமல் போகும் விசித்திரம்.

இந்த மூன்று கதைகளிலும் பொதுவான ஒன்று உண்டு. தனியொரு உரிமையாளரின் பார்வையில் அது 'பல்பு தொந்தரவு'. ஆயிரம் பேரின் புகாரை ஒரே இடத்தில் குவித்துப் பார்த்தபோதுதான் அது தயாரிப்புக் கோளாறு என்று தெரிந்தது. புகாரை வாங்கிக் குவித்து வைக்க ஒரு அரசு அலுவலகம் இருந்ததால்தான் இது நடந்தது.

ஏழும் பதினைந்தும்

இந்தியாவில் அப்படி ஒரு ஏற்பாடு தாமதமாகத்தான் வந்தது. 2012 ஜூலையில் கார் தயாரிப்பாளர்களின் சங்கமான சியாம் தானாக முன்வந்து திரும்பப் பெறுவதற்கான நெறிமுறையை அறிவித்தது. அதன் பிறகு அறிவிப்புகள் வரத் தொடங்கின. பிரேக்கின் வெற்றிடக் குழாயைச் சோதிக்க மாருதி சுஸுகி 2018 மே மாதம் 52,686 ஸ்விஃப்ட், பலேனோ கார்களை அழைத்தது. 2020 நவம்பரில் அதே நிறுவனம் 40,453 ஈகோ வண்டிகளை அழைத்தது, முகப்பு விளக்கில் இருக்கவேண்டிய தரக்குறியீடு விடுபட்டிருக்கலாம் என்பதற்காக. விளக்கில் ஒரு குறியீடு இல்லையென்றால்கூடத் திரும்ப அழைக்கும் அளவுக்கு நடைமுறை முதிர்ந்திருக்கிறது என்பது நல்ல செய்தி.

சட்டத்தின் பலம் 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் வந்தது. அதன் 110ஏ பிரிவு, ஓட்டுபவருக்கோ பயணிக்கோ சாலையில் செல்லும் மற்றவர்களுக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடிய கோளாறு இருந்தால் அந்த ரக வாகனங்களைத் திரும்பப் பெறும்படி தயாரிப்பாளருக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தன. உரிமையாளர்கள் புகார் பதிவு செய்ய பரிவாகன் தளத்தில் இடம் உண்டு. அந்த ரக வண்டியின் ஆண்டு விற்பனைக்கேற்ப வகுக்கப்பட்ட எண்ணிக்கையைப் புகார்கள் எட்டினால் விசாரணை தொடங்கும். கட்டாயத்தின் பேரில் திரும்பப் பெறவேண்டி வந்தால் தயாரிப்பாளருக்கு 10 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம்.

ஆனால் விதியில் ஒரு வரம்பு இருக்கிறது. இது ஏழு வயதுக்குட்பட்ட வாகனங்களுக்கு மட்டும்தான். அமெரிக்காவில் திரும்ப அழைக்கப்பட்ட காரைத் தயாரிப்பாளர் இலவசமாகச் சரிசெய்து தரவேண்டிய காலம் 15 ஆண்டுகள்.

இதோடு இன்னொரு எண்ணையும் பொருத்திப் பார்க்கவேண்டும். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதைப் புதுப்பிக்கும்போதுதான் தகுதிச் சோதனை. வாடகைக் காருக்குத் தகுதிச் சான்று முதல் எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். சொந்தக் காருக்கு அப்படி எதுவும் இல்லை. பிரிட்டனில் மூன்றாவது ஆண்டு முடிந்ததும் ஆண்டுதோறும் சோதனை. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் முதல் சோதனை மூன்றாம் ஆண்டில், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. அங்கெல்லாம் பிரேக் விளக்கு எரிகிறதா என்பது கட்டாயம் பார்க்கப்படும் விஷயம்.

ஆக, இந்தியாவில் ஏழாம் வயதில் திரும்பப் பெறும் விதியின் கை காரை விட்டுவிடுகிறது. பதினைந்தாம் வயதில்தான் தகுதிச் சோதனையின் கை அதைப் பிடிக்கிறது. நடுவே எட்டு ஆண்டுகள். கார் கைமாறுவதும், வயர் வெட்டி ஒட்டப்படுவதும், ஹோல்டர் அரிப்பதும், ரப்பர் துண்டு நொறுங்குவதும் பெரும்பாலும் இந்த எட்டு ஆண்டுகளில்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றுக்காக இந்தக் கார்கள் தவறாமல் புகைச் சோதனை மையத்துக்குப் போகின்றன. பின்புறமாக வந்து புகைக்குழாயில் கருவியைச் செருகுகிறார்கள். எண் பலகையைப் படம் எடுக்கிறார்கள். பிரேக் விளக்கு அங்கிருந்து கையெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பிரேக்கை ஒருமுறை மிதிக்கச் சொல்லவேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

இரண்டாவது கைக்கு வராத கடிதம்

ஏழு வயதுக்குள் இருக்கும் காருக்கும் சிக்கல் உண்டு. திரும்ப அழைக்க முடிவு செய்த கம்பெனி கடிதம், குறுஞ்செய்தி, தொலைபேசி மூலம் உரிமையாளருக்குத் தெரிவிக்கிறது. எந்த உரிமையாளருக்கு? டீலரின் கணினியில் பெயரும் எண்ணும் உள்ளவருக்கு. அவர் காரை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போயிருக்கலாம். அழைப்பைப் பார்த்து, 'அந்த வண்டியை எப்போதோ கொடுத்தாச்சே' என்று அழித்துவிடலாம். இப்போது ஓட்டுபவர் கம்பெனி சர்வீஸ் நிலையத்துக்குப் போகாமல் தெருமுனைப் பட்டறையிலேயே வேலையை முடித்துக்கொள்பவராக இருந்தால், அவருக்கும் தயாரிப்பாளருக்கும் இடையே எந்தத் தொடர்பும் மிஞ்சுவதில்லை.

பழைய கார்களைத் தேடிப்போவது முடியாத காரியமல்ல. எரிபொருள் பம்ப் கோளாறுக்காக 2024 அக்டோபரில் ஹோண்டா கார்ஸ் இந்தியா 90,000-க்கும் மேற்பட்ட பழைய மாடல் கார்களை அழைத்தது. அவற்றில் 2,204 கார்கள் தொழிற்சாலையிலிருந்து கோளாறோடு வந்தவை அல்ல. பின்னாளில் அதே பம்பை உதிரிபாகமாக வாங்கிப் பொருத்தியவை. பதிவேடு ஒழுங்காக இருந்தால் ஒரு உதிரிபாகம் எந்தக் காரில் ஏறியது என்பதைக்கூடக் கண்டுபிடிக்க முடிகிறது.

இப்போதைய உரிமையாளர் யார் என்ற பதிவேடு அரசிடம் இருக்கிறது. வாகன் தரவுத் தளத்தில் ஒவ்வொரு பெயர் மாற்றமும் பதிவாகிறது. ஆனால் பெயர் மாற்றத்துக்காக விற்பவரும் வாங்குபவரும் கையெழுத்திடும் 29, 30 எண் படிவங்களில் 'இந்த வண்டி திரும்ப அழைக்கப்பட்டதா, வேலை முடிந்ததா' என்ற கேள்வி இல்லை. கடன் பாக்கி பற்றி அக்கறை காட்டும் நடைமுறை, பாதுகாப்புப் பாக்கி பற்றிக் கேட்பதில்லை. பழைய கார் விற்கும் டீலர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரம் பெறவேண்டும் என்று மத்திய அரசு 2022 டிசம்பரில் கொண்டுவந்த விதிகள் 2023 ஏப்ரலில் அமலாயின. டீலரிடம் ஒப்படைக்கப்பட்ட வண்டிக்கு அவரே பொறுப்பு என்றாயிற்று. இது பெரிய முன்னேற்றம். நிலுவையில் உள்ள கோளாறைச் சரிசெய்யாமல் விற்கக்கூடாது என்ற ஒரு வரியை இதோடு சேர்ப்பது கடினமல்ல.

கம்பெனியே கடையைக் கட்டிவிட்டால்? ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முடிவில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அவற்றின் கார்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன, மலிவாகவும் கைமாறுகின்றன. மலிவான காரை வாங்குபவர் தாமே தேடிப்போய்த் தெரிந்துகொள்ளும் சிரமத்தையும் சேர்த்து வாங்குகிறார்.

பழி யார் மீது

பின்னாலிருந்து மோதினால் தப்பு பின்னால் வந்தவர் மீதுதான் என்பது சாலையோரப் பஞ்சாயத்தின் தீர்ப்பு. இடைவெளி விட்டு வரவேண்டியது சட்டப்படியும் அவருடைய கடமை. ஆனால் நீதிமன்றங்கள் அதோடு நிறுத்திக்கொள்வதில்லை. கோவையில் 2017-ல் ஒரு கார் சாலையில் திடீரென்று நின்றது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த பொறியியல் மாணவர் அதில் மோதி விழுந்தார். பின்னால் வந்த பஸ் ஏறியதில் ஒரு காலை இழந்தார். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் முன்னே சென்ற கார் மீது 50 சதவீதம், பஸ் மீது 30 சதவீதம், மாணவர் மீது 20 சதவீதம் என்று பொறுப்பைப் பிரித்தது. பின்னால் வருபவர்களுக்கு முன்னறிவிப்பு தராமல் நெடுஞ்சாலையில் திடீரென நிறுத்தியது அலட்சியம் என்பது தீர்ப்பின் சாரம். அந்த வழக்கில் பழுதான பிரேக் விளக்கு ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. ஆனால் நிற்கப்போகிறேன் என்று பின்னால் வருபவருக்குச் சொல்லவேண்டியது முன்னால் போகிறவரின் கடமை என்ற கொள்கை பிரேக் விளக்குக்கு அப்படியே பொருந்தும். அந்தச் செய்தியைச் சொல்லத்தான் அந்த விளக்கே இருக்கிறது.

மத்திய மோட்டார் வாகன விதிகளும் இதையே சொல்கின்றன. பிரேக்கை மிதித்ததும் பின்புறம் சிவப்பு விளக்கு எரியவேண்டும். சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய ஆபத்தான பழுதோடு வண்டி ஓட்டினால் 190-ஆம் பிரிவின் கீழ் 1,500 ரூபாய் அபராதம். அதனால் விபத்தில் யாராவது காயப்பட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். இருக்கையில் உட்கார்ந்தபடி பார்க்கவே முடியாத விளக்குக்கு ஓட்டுபவர் பொறுப்பு. அது தயாரிப்பிலேயே கோளாறானது என்ற தகவல் மட்டும் அவருக்கு வந்து சேருவதில்லை.

வாங்குமுன் பத்து நிமிடம்

ஆகவே வாங்குபவர் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. செலவில்லாத காரியங்கள் சில உண்டு. இருட்டியபின் காரின் பின்புறத்தை ஒரு சுவருக்கு அருகே நிறுத்தி, முகப்பு விளக்கை அணைத்துவிட்டு பிரேக்கை மிதித்தால் சுவரில் சிவப்பு விழுவதைக் கண்ணாடியிலேயே பார்க்கலாம். வலது, இடது, நடுவில் மேலே என்று மூன்றும் எரிகிறதா என்று கவனிக்கவேண்டும். பிறகு முகப்பு விளக்கைப் போட்டு மறுபடி மிதிக்கவேண்டும். மங்கலான சிவப்பு சட்டென்று பிரகாசமாக வேண்டும். பிரகாசமாவதற்குப் பதில் மங்கினாலோ, கூடவே இண்டிகேட்டரும் மினுக்கினாலோ எர்த்தில் கோளாறு. மிதியை மெதுவாக, பாதியளவு, முழுதாக என்று பல விதமாக மிதித்துப் பார்க்கவேண்டும். ஓய்ந்துபோன சுவிட்ச் சில சமயம் மட்டும்தான் காலை வாரும்.

டிக்கியைத் திறந்து விளக்கின் பின்புறம் டேப் சுற்றிய வயர் இருக்கிறதா, ஹோல்டரில் துருவோ பச்சையோ இருக்கிறதா என்று பார்ப்பது அடுத்தது. கறுப்புத் தாள் ஒட்டி அழகுபடுத்திய டெயில் விளக்கு இருந்தால் முதல் வேலையாக அதை உரிக்கவேண்டும்.

பதிவுச் சான்றில் உள்ள 17 இலக்க சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, பணம் கொடுக்குமுன் கம்பெனியின் இணையதளத்திலோ அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்திலோ கொடுத்தால் நிலுவையில் ஏதாவது அழைப்பு உண்டா என்று தெரிந்துவிடும். திரும்ப அழைக்கப்பட்ட கோளாறைச் சரிசெய்யக் கட்டணம் கிடையாது, எத்தனையாவது உரிமையாளர் என்ற பேதமும் இல்லை. வாங்கியபின் புது முகவரியையும் தொலைபேசி எண்ணையும் கம்பெனியிடம் பதிவு செய்துவிட்டால் அடுத்த அழைப்பு சரியான ஆளுக்கு வரும். ஒரே பழுது மூன்றாம் முறை வந்தால் பல்பை மாற்றுவதை நிறுத்திவிட்டு, பரிவாகன் தளத்தில் ஒரு புகார் எழுதலாம். டீலர் ஏமாற்றிவிட்டதாகத் தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பழுதான பொருளால் விளைந்த கேட்டுக்குத் தயாரிப்பாளரையும் விற்றவரையும் பொறுப்பாக்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.

அரசு செய்யவேண்டியதும் பெரிய காரியமல்ல. பெயர் மாற்றப் படிவத்தில் ஒரு கேள்வி. புகைச் சோதனையின்போது பிரேக்கை ஒருமுறை மிதிக்கச் சொல்லும் ஒரு விதி. திரும்ப அழைக்கும் கடிதம் வாகன் பதிவேட்டில் இருக்கும் இன்றைய உரிமையாளருக்குப் போகவேண்டும் என்ற ஒரு கட்டாயம். ஏழு வயது வரம்பைக் கொஞ்சம் உயர்த்துவது. எட்டு ஆண்டு இருட்டை இவை பெருமளவு குறைத்துவிடும்.

அதுவரை அல்சூரில் இயங்கும் ஒரே சோதனை நிலையம் சிக்னல்தான். சிவப்பு விழுந்து வண்டிகள் நின்றதும், பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் பக்கத்தில் வந்து கண்ணாடியைத் தட்டுவார். "பிரேக் லைட் எரியல, பார்த்துக்குங்க" என்பார், தமிழிலோ கன்னடத்திலோ. அவருக்குச் சம்பளம் இல்லை, பதிவேடு இல்லை. அவர் தப்பித்துவிட்டதால் மட்டுமே தட்ட முடிகிறது.